பதினாறு நாள், மூன்று நாடு, ஓர் அக்கா: அக்கராயனிலிருந்து போட்ட ஐரோப்பாத் திட்டம்

இதை எழுதுவதற்கு முதற்காரணம் கோபம். போன ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் பாரிஸ், பேர்ண், ஜேர்மனி என்று பதினாறு நாள் போய் வந்தோம். வந்ததிலிருந்து சந்தையில், பாடசாலையில், கோயிலில் காண்கிறவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான். “நாங்களும் அடுத்த வருசம் வெளிக்கிடப் போறம் ரீச்சர், உங்கட பயணத் திட்டத்தை ஒருக்கா வாட்ஸ்அப்பில போட்டு விடுங்கோவன்.” எந்தத் திட்டத்தைப் போட்டுவிட? நான் மூன்று மாதம் மண்டையை உடைத்துப் போட்டதையா, அங்கே போய் இறங்கிய கையோடு சொந்தக்காரர் கிழித்தெறிந்ததையா? ஆளாளுக்குச் சொல்லி வாய் உளைந்துவிட்டது. ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். வேண்டியவர்கள் படித்துக்கொள்ளுங்கள்.

நான் கிளிநொச்சியில் ஆரம்ப வகுப்பு ஆசிரியை. வீடு அக்கராயனில். இவர் வயல் செய்கிறார். மகள் அபிக்குப் பதினான்கு வயது, மகன் கவினுக்கு ஒன்பது. பாரிஸில் இருக்கும் இவருடைய தமையனின் மகளுக்குக் கலியாணம். பயணத்துக்கு எல்லோரும் சொன்ன காரணம் அதுதான். என்னுடைய காரணம் வேறு. ஜேர்மனியில், டோட்முண்டிலிருந்து சின்ன ரயிலில் முக்கால் மணித்தியாலம் போனால் வருகிற ஓர் ஊரில் என் அக்கா இருக்கிறார். ஊரின் பெயரை எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார், ஆகவே விடுகிறேன்.

அக்கா கலியாணம் கட்டிப் போகும்போது நான் வெள்ளைச் சீருடை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளை. அதற்குப் பிறகு நேரில் காணவில்லை. அவர் வர வெளிக்கிட்டபோது நாட்டு நிலைமை விடவில்லை. நிலைமை விட்டபோது அவருடைய சிறுநீரகம் விடவில்லை. இப்போது திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று நாள் சிகிச்சை நிலையத்துக்குப் போய் மிசினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். சிறுநீரக நோய் பரவிக் கிடக்கிற வவுனியாப் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அத்தான் தவறிவிட்டார், ஒரே மகன் வேறு நகரத்தில் வேலை. இனி அக்காவால் இங்கே வர முடியாது. நாங்கள் இன்னொரு முறை நான்கு பேராக இவ்வளவு செலவழித்துப் போகப்போவதும் இல்லை. அதோடு அம்மா தவறிய கிழமையைப் பற்றி அக்காவிடம் நான் சொல்ல வேண்டிய ஒரு விசயம் இருந்தது. போனில் பலமுறை தொடங்கி, ஒவ்வொரு முறையும் வேறு கதைக்குப் போய்விட்டேன். எனக்கு ஈபிள் கோபுரமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அக்காவோடு ஆறுதலாக இருந்து கதைக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

முதல் தலையிடி அக்கராயன் குளத்திலேயே தொடங்கியது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மாரி மழையில் செய்வது காலபோகம், அதை எல்லோரும் செய்வார்கள். மழை முடிந்தபின் குளத்தில் மிஞ்சிய தண்ணீருக்குச் செய்வது சிறுபோகம், அதற்கு எல்லாக் காணிக்கும் தண்ணீர் காணாது. இந்த வருடம் எந்தப் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் என்று கூட்டம் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். எங்கள் பக்கத்துக்குக் கிடைத்தால் ஓகஸ்டில் அறுவடை, இவர் அசையமாட்டார். கிடைக்காவிட்டால் பயணம். பாரிஸில் மாசி மாதமே கலியாணத் திகதி குறித்துவிட்டார்கள். விமான ரிக்கெற் விலை நாளுக்கு நாள் ஏறுகிறது. இவரோ, கூட்டம் முடியட்டும் என்கிறார்.

“தண்ணி வந்தா என்னப்பா, ஆருக்கும் குத்தகைக்குக் குடுத்திட்டுப் போவம்,” என்றேன்.

“விசர்க்கதை கதையாதையும். தண்ணி வந்த காணியை ஆரும் குத்தகைக்குக் குடுப்பினமே?”

ஒருவழியாகக் கூட்டம் நடந்தது. எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் இல்லை. தண்ணீர் கிடைக்காததற்கு அன்று அக்கராயனில் சந்தோசப்பட்ட ஒரே மனுசி நானாகத்தான் இருப்பேன். அதற்குள் ரிக்கெற் ஆளுக்கு நாற்பதாயிரம் ரூபா ஏறியிருந்தது. வயல் செய்கிற குடும்பங்களுக்கு என் முதலாவது ஆலோசனை: திகதி மாற்றக்கூடிய ரிக்கெற்றைக் கூட்டத்துக்கு முன்னமே போட்டுவிடுங்கள். வீட்டுக்காரரிடம் பிறகு சொல்லலாம்.

வவுனியாவில் ரிக்கெற் போடும் ரபீக் நானாவிடம் போனோம். கிளிநொச்சியிலிருந்து எண்பது கிலோமீற்றர் அளவில், பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல். கொழும்பிலிருந்து பாரிஸுக்குப் போய்வர, வளைகுடாவில் விமானம் மாறுகிற ரிக்கெற் ஆளுக்கு இரண்டு லட்சத்து எண்பத்தையாயிரம். என் முதலாவது திட்டத்தை அவரிடம் காட்டினேன். அதில் அபியின் ஆசைக்காக ரோமும் ஆம்ஸ்டர்டாமும் இருந்தன.

“தங்கச்சி, இது பயணமா, ரிலே ஓட்டமா?” என்று சிரித்தார். “போன வருசம் ஒரு குடும்பம் இப்பிடித்தான் ஏழு ஊர் போட்டுக்கிட்டுப் போனாங்க. வந்து சொல்றாங்க, நானா, ஏழு ஸ்டேசன் பாத்தமெண்டு.”

இரண்டையும் அங்கேயே வெட்டினேன். அபி வவுனியா பஸ் நிலையம் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் கோபித்தாலும் பரவாயில்லை, இதில் இரக்கம் பார்க்காதீர்கள். நகரம் மாறுகிற ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டுவது, ரயில் ஏறுவது, இறங்கி வீடு தேடுவது என்றே போய்விடும். அந்த நாளில் வேறொன்றையும் போடாதீர்கள்.

விசாவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: நாங்கள் போன மூன்று நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசாதான். எந்த நாட்டில் கூட நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்குப் பிரான்ஸ். பெரியவர்களுக்குத் தொண்ணூறு யூரோ, கவின் வயதுக்கு நாற்பத்தைந்து. பதினான்கு வயது அபி, பெரியவர் கணக்கில் வருவாள். சேவைக் கட்டணம் புறம்பு. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். இவை மாறக்கூடியவை, போகமுதல் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஓகஸ்ட் பயணம் என்றால் விண்ணப்ப நேரம் எடுக்கப் பிந்தாதீர்கள், எல்லோருக்கும் அதே விடுமுறைதான். அரசாங்க ஆசிரியர்கள் வெளிநாட்டு விடுமுறைக்கும் அந்தக் கையோடு எழுதிவிடுங்கள்.

இனி, நான் போட்ட திட்டம். வியாழன் பாரிஸில் இறங்குவது. ஞாயிறு கலியாணம். செவ்வாய் காலை ரயிலில் சுவிஸுக்கு, பேர்ணில் இருக்கும் இவருடைய தங்கச்சி வீட்டுக்கு. பிள்ளைகளுக்கு அவர் மாமி, ஆகவே நானும் இங்கே சுவிஸ் மாமி என்றே எழுதுகிறேன். அங்கே மூன்று இரவு. வெள்ளி பின்னேரம் அக்கா வீடு, புதன்கிழமை வரை ஐந்து இரவு. பிறகு பாரிஸுக்குத் திரும்பி, அடுத்த நாள் கவினுக்கு ஈபிள் கோபுரம், வெள்ளி விமானம். இந்தத் திட்டத்தில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அக்காவுக்கு மிசின் இல்லாத சனி, ஞாயிறு, செவ்வாய் மூன்று நாளும் எனக்கு முழுசாக வரும்படி கணக்குப் பார்த்துப் பொருத்தியிருந்தேன். மிசின் நாளில் அவர் களைத்துப் படுத்துவிடுவார், அன்றைக்குப் போய் என்ன செய்வது என்று நினைத்தேன். ரயில் ரிக்கெற்றுகளையும் மலிவு என்று முன்கூட்டியே இணையத்தில் வாங்கினேன். மலிவு ரிக்கெற் என்றால் மாற்றவும் முடியாது, காசும் திரும்பாது. இதை அடிக்கோடிட்டு வாசியுங்கள்.

புறப்படுகிற கிழமை போனுக்கு ஓய்வே இல்லை. நான் திட்டத்தை அனுப்பினால் எல்லோரும் “ஓம் ஓம், நல்ல வடிவாப் போட்டிருக்கிறீர்” என்கிறார்கள். ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. எல்லோரும் கேட்டது மிளகாய்த்தூள். பாரிஸுக்கு ஐந்து கிலோ, பேர்ணுக்கு நான்கு கிலோ, பேர்ணில் மாமியின் அயலட்டைக்கு இரண்டு கிலோ. அக்கா மட்டும், “எனக்கொண்டும் வேண்டாம், நீ வா” என்றார். நானாகப் பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் கொஞ்சம் கட்டிக்கொண்டேன். விமான நிலையத்துக்கு வான் நாற்பத்தையாயிரம் ரூபா. சாரதி பெட்டிகளை ஏற்றிவிட்டுத் தும்மிக்கொண்டே கேட்டான்: “அக்கா, கலியாணத்துக்குப் போறியளோ, கடை போடப் போறியளோ?” ஓமந்தை தாண்டும் வரைக்கும் எல்லாக் கண்ணாடியும் திறந்துதான் கிடந்தது.

பாரிஸில் இருக்கும் இவருடைய தமையன் பிள்ளைகளுக்குப் பெரியப்பா, நானும் அப்படியே எழுதுகிறேன். அவர் வீடு நகரத்துக்கு வெளியே, அடுக்குமாடியில் ஆறாம் மாடி. நல்ல மனுசன், அன்பான மனுசன், அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். கலியாணம் சிறப்பாக நடந்தது. திங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தபோது, நாளைக் காலை பத்தரைக்கு எங்களுக்கு ரயில் என்று சொன்னேன். பெரியப்பா சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தார்.

“நாளைக்கோ? புதன்கிழமை நாலாம் சடங்கெல்லே. பொம்பிளையின்ர சித்தப்பா இல்லாமல் நாலாம் சடங்கு செய்யிறதோ?”

“ரிக்கெற் போட்டாச்சு, திட்டம் உங்களுக்கு அனுப்பினனான்.”

“அது நீர் அனுப்பினீர். ஆனா ரெயினிலயோ போகப் போறியள்? நாங்கள் இஞ்ச இருக்கேக்க ஊரிலயிருந்து வந்த ஆக்களை ரெயினில ஏத்திவிட்டா நாலு சனம் என்ன கதைக்கும்? வியாழக்கிழமை நானே காரில கொண்டுபோய் விடுறன். அஞ்சு மணித்தியாலம்.”

நான் இவரைப் பார்த்தேன். இவர் அப்பளத்தைப் பார்த்தார்.

அப்படியானால் நான் மட்டும் தனியாக அக்காவிடம் போகிறேன், நீங்கள் சடங்கை முடித்து சுவிஸுக்குப் போய்விட்டுப் பிறகு வாருங்கள் என்றேன். பாஷை தெரியாத பொம்பிளை தனிய எப்பிடிப் போறது என்று பெரியம்மா, தனிய விட்டால் உம்மட அக்கா எங்களைப் பற்றி என்ன நினைப்பா என்று பெரியப்பா. நூற்று எண்பது யூரோ ரயில் ரிக்கெற் அன்றோடு குப்பை. செவ்வாய்க்கிழமை முழுக்க நான்கு வீட்டில் சாப்பிட்டோம். நான்கு வீட்டிலும் இடியப்பம், நான்கு வீட்டிலும் கலியாண வீடியோ. “அம்மா, இதுக்கு நாங்கள் அக்கராயனிலயே இருந்திருக்கலாம்,” என்றாள் அபி. ஈபிள் கோபுரத்தைக் காரின் பின் கண்ணாடியால் பார்த்தோம். கவின் அப்போது நித்திரை.

அக்காவுக்குப் போன் எடுத்து, நாள் குறையுது என்றேன். “பரவாயில்லையடி, எத்தினை நாளெண்டாலும் வா,” என்றார். அவர் கோபித்திருந்தால் எனக்குச் சண்டை பிடிக்க ஒரு பிடி கிடைத்திருக்கும்.

வியாழன் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். பாரிஸிலிருந்து பேர்ண் ஐந்நூற்றெழுபது கிலோமீற்றர் வரும், கூகிள் ஆறு மணித்தியாலம் என்றது. எங்களுக்குப் பத்து. எல்லைக்குக் கிட்ட முலூஸ் என்று ஒரு நகரம். அங்கே பெரியப்பாவோடு ஊரில் படித்த ஒருவர் இருக்கிறார். “ஒரு ரீயைக் குடிச்சிட்டு ஓடிவிடுவம்” என்று போனோம். ரீ வருவதற்கு முன் கோழிக்கறி வாசம் வந்தது. அந்த வீட்டு அக்கா நாங்கள் நுழையும்போது குசினிக்குள் போனவர், நாங்கள் வெளிக்கிடும்போதுதான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். “ஒண்டுமே கதைக்கேல்லை, அடுத்தமுறை ஆறுதலா வாங்கோ,” என்றார். பாவம், அவர் முகம்கூட இப்போது எனக்கு ஞாபகமில்லை.

சுவிஸ் மாமியிடம் திட்டத்தில் மூன்று இரவு என்று எழுதியிருந்தேன். அதை இரண்டாக்கிச் சனிக்கிழமை வெளிக்கிடுவோம் என்றேன், மாமி விட்டுத்தரவில்லை. “அண்ணை வீட்டில ஏழு நாள் நிண்டிட்டு என்னட்டை ரெண்டு நாளோ?” என்று கண் கலங்கிவிட்டார். இவருக்கு ஒரே தங்கச்சி. ஞாயிற்றுக்கிழமை மாமியின் சிநேகிதி ஒருவரின் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள், அங்கேயும் போக வேண்டும் என்றதும் மூன்று நான்காகியது. மலைகளைப் பற்றி எழுதச் சொல்லி அபி கேட்கிறாள். மலைகள் இருந்தன. மாமி வீட்டு மாடத்திலிருந்து தெரிந்தன. வெள்ளை நிறம்.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு நாளைத்தான் பிடித்து வைத்தார்கள், அன்பில் பிடித்து வைத்தார்கள். அந்த நாட்கள் எல்லாம் அக்காவின் கணக்கிலிருந்து கழிந்தன. ஞாயிறு பின்னேரம் மாமியின் குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன். வெளியே மாமி, “மச்சாள், சுடுதண்ணி வருகுதோ?” என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை ரிக்கெற்றும் குப்பை, புது ரிக்கெற்றில் திங்கட்கிழமை ரயில். பேர்ணிலிருந்து பாசல், பாசலிலிருந்து ஜேர்மன் ரயில். ஏழு மணித்தியாலப் பயணம். வழியில் தண்டவாள வேலை என்று நின்று நின்று போய், மாறவேண்டிய ரயிலைத் தவறவிட்டுப் பத்தே கால் மணித்தியாலம் ஆனது. மாறுகிற இடத்தில் குறைந்தது ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். பத்து நிமிடத்தில் பெட்டியோடு ஓடலாம் என்று இணையம் சொல்லும், இணையத்துக்குப் பெட்டியும் பிள்ளைகளும் கிடையாது.

அக்கா வாசலில் நின்றார். போனில் பார்த்த முகம்தான், ஆனால் என் தோள் உயரத்துக்குத்தான் இருந்தார். அவர் என்னைவிட உயரம் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அன்று மிசின் நாள். கட்டிப்பிடித்தபோது என்மேல் சாய்ந்தார். எங்களுக்குப் புட்டும் மீன்குழம்பும் சமைத்து மூடி வைத்திருந்தார். நாங்கள் சாப்பிட்டு முடியுமுன் கதிரையிலேயே தூங்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு மிஞ்சிய ஒரே நாள். மிசின் இல்லாத நாள், நான் மூன்று மாதமாகக் குறிவைத்த நாள். காலையில் எழும்பிப் போனால் அக்கா குசினியில் வெங்காயம் உரிக்கிறார். ஊரிலிருந்து தங்கச்சி வந்திருக்கிறாள் என்று அந்தச் சுற்று வட்டாரத்துத் தமிழ்ச்சனம் எல்லாம் பார்க்க வருகிறதாம்.

“அக்கா, ஆரையும் வரச்சொல்லாதேங்கோ எண்டெல்லே சொன்னனான்.”

“நான் எங்க வரச்சொன்னனான்? அதுகளா வருதுகள். வாறதுகளை வெறும் வயித்தோட அனுப்புறதோ?”

பத்து மணிக்குத் தொடங்கி இரவு எட்டு வரை வந்தார்கள், போனார்கள், வந்தார்கள். நான் உதவி செய்யப் போனால் “நீ விருந்தாளி, போய் ஆக்களோட இரு” என்று விரட்டினார். நான் வரவேற்பறையில் முன்பின் தெரியாத ஒருவருக்குக் கிளிநொச்சியில் காணி விலை சொல்லிக்கொண்டிருந்தேன். குசினிக்குள் அக்காவின் முதுகு தெரிந்தது. எட்டாயிரம் கிலோமீற்றர் பறந்து வந்து முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் போனபின், “இப்ப இருங்கோ அக்கா, கதைப்பம்” என்றேன். “ஓம் ஓம், இந்தச் சட்டியை மட்டும் கழுவிப்போட்டு” என்றார். சட்டியைக் கழுவி வைத்துவிட்டு அப்படியே படுத்துவிட்டார்.

புதன்கிழமை பிற்பகல் டோட்முண்டிலிருந்து எங்களுக்குப் பாரிஸ் ரயில். வியாழன் மாப்பிள்ளை வீட்டார் விருந்து, வெள்ளி விமானம். அதை விட்டு வேறு நாளுக்கு ரிக்கெற் வாங்கினால் நான்கு பேருக்கும் அறுநூறு யூரோவுக்கு மேல் கேட்டது. காலையில் அக்காவைக் கூட்டிப்போக வாடகைக்கார் வந்தபோது, என் செருப்பைப் போட்டுக்கொண்டு பின் ஆசனத்தில் ஏறிவிட்டேன்.

“நீங்கள் பதினொண்டரைக்குப் பெட்டியளோட ஸ்டேசனுக்கு வாங்கோ,” என்று இவரிடம் சொன்னேன். “நான் அங்கால வாறன்.”

“அங்க உனக்கு என்ன வேலை? சும்மா இருந்து முகத்தைப் பாக்கப் போறியோ?” என்றார் அக்கா.

“ஓம்,” என்றேன்.

சிகிச்சை நிலையத்தில் பார்வையாளர்களை எல்லா நேரமும் விடமாட்டார்கள். அக்கா தாதியிடம் ஜேர்மன் பாஷையில் என்னவோ சொன்னார். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஊசி போட்டு மிசின் தொடங்கும் வரை வெளியே இருக்கச் சொன்னார். பிறகு தானே ஒரு கதிரை கொண்டுவந்து அக்காவின் பக்கத்தில் போட்டார். இடது கையில் இரண்டு குழாய். அந்தக் கையை அசைக்கக்கூடாது. எழும்பக்கூடாது. நான்கு மணித்தியாலத்துக்கு அக்காவால் வெங்காயம் உரிக்க முடியாது, சட்டி கழுவ முடியாது, வாசலில் யார் மணி அடித்தாலும் போய்த் திறக்க முடியாது.

காலைச் சாப்பாட்டுக்கு ஒரு தட்டில் பாணும் வெண்ணெயும் வைத்தார்கள். ஒரு கையால் பூச முடியாமல் அவர் திணறுவதைப் பார்த்துவிட்டு நான் வாங்கிப் பூசிக் கொடுத்தேன். கைப்பையில் புழுக்கொடியல் இருந்தது. நோய்க்கு ஆகாது என்று வீட்டில் அதைத் தொட்டும் பார்க்கவில்லை அவர். மிசினில் போட்ட முதல் மணித்தியாலத்தில் ஒரு சின்னத் துண்டு பரவாயில்லை என்று தாதி சொன்னதாகச் சொன்னார். (தாதி சொன்னால் மட்டும். நீங்களாக ஒருவருக்கும் கொடுக்காதீர்கள்.) கடித்து உடைத்துச் சின்னத் துண்டாக வாயில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கன நேரம் சப்பினார்.

“வந்த நாளிலயிருந்து நான்தான் உனக்கு அவிச்சுக் கொட்டினனான். இண்டைக்குத்தான் எனக்கு ஆரோ சாப்பாடு தருகினம்,” என்றார்.

பிறகு கதைத்தோம். அத்தான் தவறியபின் இந்தக் காருக்குள் தனியாகப் போய்வருகிறபோது சாரதியோடு என்ன கதைப்பார் என்று சொன்னார். என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் இடையில் இருக்கிற, போனில் சொல்ல முடியாத சில்லறைச் சண்டைகளை நான் சொன்னேன். மிசின் மெல்லச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு ஜேர்மன்காரர் பேப்பர் படித்தார், எங்கள் பாஷை அவருக்குத் தெரியாது. அப்போது அக்காவே கேட்டார்.

“அம்மா கடைசியில என்னைக் கேட்டவவோ?”

இத்தனை காலமும் போனில் நான் விழுங்கிய கதையைச் சொன்னேன். கடைசிக் கிழமை அம்மாவுக்கு ஆள் பிடிபடவில்லை. என்னைப் பார்த்து அக்காவின் பெயரைச் சொல்லி, “வந்திட்டியே?” என்று கேட்டார். முதல்நாள், நான் அக்கா இல்லை என்று சொன்னேன், அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த நாள் கேட்டபோது, “ஓம் அம்மா, வந்திட்டன்” என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிட்டதெல்லாம் அக்காவின் பெயரில்தான். போகும்போதும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்துத்தான் போனார்.

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணீர் காதுக்குள் போனது, துடைக்க ஒரு கைதான் இருந்தது, அதை நான் பிடித்திருந்தேன்.

“அப்ப நான் வந்தனான்,” என்றார். “அம்மாவின்ர கணக்கில நான் வந்தனான்.”

“ஓம் அக்கா. வந்தனீங்கள்.”

பதினொரு மணிக்கு முடித்துக் குழாயைக் கழற்றினார்கள். நான் ரயிலுக்கு ஓட வேண்டியிருந்தது. ஊசி குத்திய இடத்தை அமத்திப் பிடித்தபடி இருந்தே வழியனுப்பினார். பாரிஸில் மறுநாள் விருந்தில் என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

திட்டம் கேட்டவர்களுக்கு இதுதான் என் பதில். பதினைந்து பதினாறு நாளுக்கு மூன்று நகரத்துக்கு மேல் போடாதீர்கள். கலியாணத்துக்குப் போகிறீர்கள் என்றால் நாலாம் சடங்கு வரை அந்த ஊர் உங்களுடையது இல்லை, அதை முதலே கழித்துவிடுங்கள். மலிவு ரயில் ரிக்கெற் வாங்காதீர்கள், அல்லது சொந்தக்காரருக்குச் சொல்லாமல் வாங்குங்கள். உங்களுக்கு மிக வேண்டியவரிடம் முதலில் போங்கள், கடைசியில் வைக்காதீர்கள். ஆரம்பத்தில் இருப்பவரிடமிருந்து ஒருவராலும் நாளைப் பறிக்க முடியாது.

ஆளுக்கொரு நகரம் பார்க்கும் ஆசை இனி எங்கள் வீட்டில் இல்லை. அடுத்த முறை நான் மட்டும் போவதாக முடிவு. இவருக்குத் தண்ணீர் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. போன கிழமை அக்காவிடம் போனில், சனிக்கிழமை வந்து இறங்கினால் உங்களுக்கு வசதியா என்று கேட்டேன்.

“சனி, ஞாயிறு வீட்டில சனமடி. எனக்கு எங்க நேரம்?” என்றார். “நீ திங்கட்கிழமைக்கு வா. அண்டைக்குத்தான் நான் சும்மா இருப்பன்.”